கோடும் ஐயமும்: கட்டடக்கலைக் கல்வியிற் கைவரைவும் கணினி வரைவும்

1

கட்டடக்கலை பயிலும் மாணவர் எதனைக் கொண்டு வரைதல் வேண்டும் என்ற வினா, கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்துறைக் கல்வியாளரை இரு அணியினராகப் பிரித்து வைத்துள்ளது. ஒருசாரார் கையே சிந்தனையின் மூலக்கருவி என்பர். பின்லாந்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞரும் சிந்தனையாளருமான யுஹானி பல்லஸ்மா 2009இல் வெளியிட்ட ‘சிந்திக்கும் கை’ என்னும் நூலும், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் மைக்கல் கிரேவ்ஸ் 2012இல் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையும் இவ்வணியினர் பெரிதும் எடுத்தாளும் எழுத்துக்களாகும். மறுசாரார், தாளும் பென்சிலும் கழிந்துபோன காலத்தின் எச்சங்கள் என்பர். 1994இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலே, பேர்னார்ட் சூமி கட்டடக்கலைப் பீடத்தின் தலைவராயிருந்த காலத்தில், ‘தாளில்லா ஸ்ரூடியோ’க்கள் ஆரம்பிக்கப்பட்டமை இவ்வணியினரின் எழுச்சியைக் குறித்தது.

இவ்விரு அணியினருக்குமிடையே இணக்கங்காண முயலும் மூன்றாம் அணியொன்றும் உண்டு. ‘இரண்டும் வேண்டும்’ என்பதே இதன் நிலைப்பாடு. இன்று பல கல்விக்கூடங்களின் பாடத்திட்டங்களிலே காணப்படுவது இந்நிலைப்பாடுதான். முதலாண்டிற் பென்சில், பின்வரும் ஆண்டுகளிற் கணினி. அல்லது தொடக்க எண்ணத்துக்குக் கை, இறுதிப் படத்துக்கு இயந்திரம் என்றவாறு பணி பகிரப்படுகின்றது. மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். ஆயின், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தல் இணைத்தல் ஆகுமா என்ற வினா இங்கு எழுகின்றது. முதலாண்டு முடிவிற் பென்சிலைக் கீழே வைத்த மாணவன் அதனை மீண்டும் எடுப்பதற்கு யாதொரு காரணமும் இவ்வேற்பாட்டில் இல்லை. இவ்வகையில், மூன்றாம் அணியினர் காண்பது இணைப்பன்று. பிரிவினைக்கு அளிக்கப்பட்ட நாகரிகமான ஒரு பெயரே எனலாம்.

உண்மையில், வினாவே தவறாக முன்வைக்கப்பட்டுள்ளது. எந்தக் கருவி மேலானது என்பதன்று பிரச்சினை. மாணவன் வரையும் கோடு ஒரு கேள்வியா, அன்றி ஒரு விடையா என்பதே பிரச்சினை. அதனை அவன் அறிந்துகொள்ளுமாறு செய்வதிலேயே கட்டடக்கலைக் கல்வியின் உயிர்நிலை தங்கியுள்ளது.

2

கருவிகளின் வரலாற்றைச் சற்று உற்றுநோக்கின், கைக்கும் கணினிக்குமிடையே கற்பிக்கப்படும் பகை பிற்காலத்தது என்பது புலனாகும். கணினித் திரையிற் கோடுவரையும் முறைக்கு வித்திட்டது, ஐவன் சதர்லாந்து மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1963இல் தமது கலாநிதிப் பட்டத்துக்காக உருவாக்கிய ‘ஸ்கெச்பாட்’ என்னும் செய்நிரலாகும். அதில் வரைபவர் ஓர் ஒளிப்பேனாவைக் கையிற் பிடித்து நேரே திரையின்மீது வரைந்தார். அதாவது, கணினி வரைவு பிறந்தபொழுது கையிற் பேனா இருந்தது. ஓட்டோகாட் போன்ற செய்நிரல்கள் 1982இன் பின்னர் வரைமேசைகளின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்துக்கொண்டபோதே, கட்டளைகளாலும் எண்களாலும் வரையும் முறை பெருவழக்காயிற்று. எனவே கை இழந்தது என்று சொல்லப்படுவதைக் கணினியின் இயல்பினால் மாத்திரம் விளக்கிவிட முடியாது. அலுவலகங்களிலே வரைவுத் தொழில் ஒழுங்கமைக்கப்பட்ட முறையும் அதற்குக் காரணமாயிற்று.

இன்னொரு செய்தியும் மனங்கொளத்தக்கது. அழகிய படத்தின்மீது கட்டடக்கலைஞர் கொள்ளும் மயக்கம் கணினியோடு தோன்றியதன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கட்டடக்கலை பற்றிப் பெருநூல் இயற்றிய இத்தாலிய அறிஞர் அல்பேர்ட்டி, ஓவியனின் வரைவையும் கட்டடக்கலைஞனின் வரைவையும் வேறுபிரித்து நோக்கினார். நிழல்தீட்டித் திரட்சி காட்டுவது ஓவியன் பணி. உண்மையான அளவுகளையும் கோணங்களையும் காட்டுவதே கட்டடக்கலைஞன் பணி என்பது அவர் கருத்து. கண்ணைக் கவரும் படம் கட்டடத்தைப் பற்றிய நிதானமான தீர்ப்பைக் குலைத்துவிடும் என்னும் அவ்வெச்சரிக்கை, ஒளியும் நிழலும் மரங்களும் மனிதருமாக நிழற்படம்போற் பொலியும் இன்றைய கணினிக் காட்சிகளுக்கும் பொருந்துவதாகும். அதேவேளை, நீர்வர்ணம் தோய்ந்த கைவரைவுகளுக்கும் அது பொருந்தும் என்பதை மறத்தலாகாது. மயக்கும் படம் எக்கருவியாற் செய்யப்படினும் மயக்கும் படமே.

3

அவ்வாறாயின், கைவரைவு கல்வியில் ஆற்றும் பணி யாது? இதற்கு மிகத் தெளிவான சான்றினை அமெரிக்கச் சிந்தனையாளர் டொனல்ட் ஷோன் 1983இல் வெளியிட்ட நூலொன்று தருகின்றது. தொழில்வல்லார் தம் செயலினூடே எவ்வாறு சிந்திக்கின்றனர் என்பதை ஆராயும் அந்நூலில், வடிவமைப்புக் கூடமொன்றில் நிகழ்ந்த உரையாடலொன்று விரிவாகப் பதிவுசெய்யப்பட்டுள்ளது. பெற்றா என்னும் புனைபெயரால் அழைக்கப்படும் மாணவி ஒரு தொடக்கப் பாடசாலையை வடிவமைக்கின்றாள். நிலமோ ஒழுங்கற்ற சரிவு. வகுப்பறைகளின் வடிவத்தை அச்சரிவிற் பொருத்த இயலாது அவள் தடைப்பட்டு நிற்கின்றாள். குவிஸ்ற் என்னும் ஆசிரியர் அவளுடைய படத்தின்மேல் ஊடுதெரியும் ரேசிங் தாளொன்றை விரித்து, பேசிக்கொண்டே வரையத் தொடங்குகின்றார். முதலில் ஓர் ஒழுங்கை நிலத்தின்மீது சுமத்திப் பார்க்கலாம், பிறகு வேண்டுமாயின் அதனை உடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் போக்கு. கோடுகள் விழவிழ, தளங்கள் சரிவோடு படிப்படியாக இறங்குகின்றன. துணைப்பகுதியாகக் கருதப்பட்ட ஒரு நடைகூடம், எதிர்பாராத வகையில் முழுத்திட்டத்துக்கும் முதன்மையானதாக மேற்கிளம்புகின்றது.

வரைபவர் ஓர் அசைவைச் செய்கிறார். வரைவு அதற்கு மறுமொழி கூறுகின்றது. அம்மறுமொழியைக் கேட்டு அடுத்த அசைவு பிறக்கின்றது. சூழலுடன் நிகழும் உரையாடல் என ஷோன் இதனை விளக்குவார். இவ்வுரையாடலைச் சாத்தியமாக்கும் பண்புகள் சில கைவரைவுக்கு உண்டு. முதலாவது, கைக்கோடு முடிவு செய்யப்படாததாக இருக்கலாம். அது சுவராகவும் இருக்கலாம், படியின் விளிம்பாகவும் இருக்கலாம், வெறும் திசையாகவும் இருக்கலாம். இரண்டாவது, மேலே விரித்த தாளினூடே கீழுள்ள முன்னைய வரைவு தெரிகின்றது. கைவிடப்பட்ட எண்ணம் அழிந்துவிடுவதில்லை. மூன்றாவது, தாளில் வரைபவன் 1:200, 1:50 என ஓர் அளவுத்திட்டத்தை முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டியவனாகிறான். 1:200இற் கதவின் கைப்பிடியைப் பற்றிச் சிந்திக்க முடியாது. எனவே அந்நேரத்திற் சிந்திக்கவேண்டியதை மாத்திரம் சிந்திக்கும் கட்டுப்பாட்டை அளவுத்திட்டம் அவன்மீது விதிக்கின்றது.

கட்டடத் தகவல் மாதிரியுரு எனப்படும் இன்றைய கணினி முறைகளில் நிலைமை வேறு. அங்கே கோடு என்பதில்லை, சுவர் என்பதே உண்டு. சுவரொன்றை இடுமுன்னரே அது எவ்வகைச் சுவர், எத்தனை தடிப்பு என்ற வினாக்களுக்கு விடையளிக்க நேர்கின்றது. வரைபவன் விடையளிக்காவிடின் இயந்திரமே தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து ஒன்றை இட்டு நிரப்பிவிடும். பொருள்கள் முழு அளவிலேயே பதியப்படுவதால், திரையை விரித்தும் சுருக்கியும் நோக்கும் மாணவன், தான் எந்த அளவுத்திட்டத்திற் சிந்திக்கின்றான் என்பதை இலகுவில் மறந்துவிடுகின்றான். ஐயம் கொள்ளவேண்டிய வேளையில் உறுதி அவன்மீது திணிக்கப்படுகின்றது. தனக்கு இன்னும் தெரியாதது எது என்பதை அவனது படம் அவனுக்குக் காட்டுவதில்லை.

எனினும் ஷோனின் சான்றை முற்றாக ஏற்றுப் போற்றுவோர் கவனியாது விடும் ஒரு பக்கமும் உண்டு. அவ்வுரையாடலிற் பெரும்பாலும் பேசுபவர் ஆசிரியரே. பென்சிலும் அவர் கையிலேயே இருக்கின்றது. மாணவி கேட்கின்றாள், உடன்படுகின்றாள். ஆசிரியரின் கோடு நல்ல கோடு என்பதற்கு அவருடைய அனுபவத்தைத் தவிர வேறு சான்று அவ்விடத்தில் இல்லை. கைத்திறன் நீண்டகாலப் பயிற்சியால் வருவது. ஆதலால், கைவரைவே யாவுமாகிய கூடத்தில் முதியோரின் அதிகாரம் இயல்பாகவே மேலோங்கும். கையின் புகழ்பாடுவோர் இவ்வதிகாரத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை.

4

கணினியின் உண்மையான கல்விப் பயனை இவ்விடத்திலேயே தேடவேண்டும். அழகிய இறுதிப் படத்தைத் தருவதன்று அதன் சிறப்பு. கோட்டைச் சோதனைக்கு உட்படுத்துவதே அதன் சிறப்பு.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணத்தில் ஒரு வகுப்பறையை வடிவமைக்கும் மாணவனைக் கருதலாம். வடகோளத்தின் இடைவெப்ப நாடுகளை மனங்கொண்டு எழுதப்பட்ட பாடநூல்கள், நண்பகற் சூரியன் எப்பொழுதும் தெற்கிலேயே நிற்கும் என்ற அடிப்படையில் தென்புறச் சன்னல்களுக்கு நிழல் அமைக்குமாறு கூறும். ஆனால் யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில் அமைந்துள்ளது. அங்கே ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் இறுதி வரை நண்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கின்றது. நூலறிவையோ ஆசிரியரின் வாக்கையோ நம்பி வடசுவரை நிழலின்றி விட்ட மாணவனுக்கு, அகலாங்கை உள்ளிட்டதும் கணினி அப்பிழையைக் கணப்பொழுதிற் காட்டிவிடும். ஆசிரியரின் கோட்டோடு வாதிடுவதற்கு அவனுக்கு ஒரு நிலைக்களம் கிடைக்கின்றது. இது சிறிய பயனன்று. அதேவேளை, அவ்வடபுறத்தில் ஒரு திண்ணையை அமைத்தால் அங்கே யார் அமர்வர், எந்நேரத்தில் அமர்வர், வீதியாற் செல்வோருடன் என்ன பேசுவர் என்பதைக் கணினி கூறமாட்டாது. சோதனைக்கு உட்படும் கோட்டை முதலில் யாரோ ஒருவர் ஐயத்தோடு வரைந்திருக்க வேண்டும்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து இயங்கியமைக்கு உலகறிந்த சான்று, 1997இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரிற் திறக்கப்பட்ட குகன்ஹைம் அரும்பொருளகமாகும். அதனை வடிவமைத்த பிராங் கேரி, கிறுக்கல்போன்ற கைக்கோடுகளிலிருந்தும் கையாற் செய்த மாதிரியுருக்களிலிருந்தும் தொடங்கினார். அம்மாதிரியுருக்களின் வளைவுகள் புள்ளிபுள்ளியாக அளக்கப்பட்டு, விமானங்களை வடிவமைப்பதற்காகப் பிரான்சில் உருவாக்கப்பட்ட கற்றியா என்னும் செய்நிரலிற் பதியப்பட்டன. கணினி அவ்வளைவுகளைக் கட்டத்தக்கனவாக ஆக்கியது. திருத்தப்பட்ட வடிவம் மீண்டும் மாதிரியுருவாகிக் கண்ணுக்கும் கைக்கும் திரும்பியது. அக்கட்டடத்தின் பகட்டை விரும்பாதோர் பலர் உளர். அது வேறு விடயம். இங்கு நோக்கற்பாலது, கையும் கணினியும் முன்னும் பின்னுமாக வரிசையில் நிற்காமல், ஒன்று மற்றதற்குப் பன்முறை திரும்பிவந்தன என்பதே. மேற்குறிப்பிட்ட கிரேவ்ஸ், வரைவுகளைக் கண்டதைக் குறித்துவைக்கும் வரைவு, எண்ணத்தை ஆராயும் வரைவு, இறுதி வரைவு என மூன்றாக வகுத்து, இறுதியானது கணினிக்கு உரியதாகிவிட்டதை ஏற்றுக்கொண்டார். முன்னைய இரண்டுக்காகவே அவர் வாதாடினார். அவருடைய வகுப்பு பயனுள்ளதே. ஆயினும் கணினியை இறுதிக் கட்டத்துக்கு ஒதுக்கியதன்மூலம், அது இடைவழியிற் கேள்வி கேட்கும் கருவியாகவும் அமையலாம் என்பதை அவர் போதிய அளவு கருதவில்லை எனலாம்.

5

இலங்கையைப் பொறுத்தவரை, கைவரைவு பற்றிய எண்ணம் ஜெப்ரி பாவாவின் பெயரோடு பிரிக்கமுடியாதவாறு கலந்துள்ளது. பாவா (1919–2003) சட்டம் பயின்று, பின்னர் லண்டனிற் கட்டடக்கலை கற்று, 1957இலே தமது முப்பத்தெட்டாவது வயதிற் தகைமை பெற்றவர். கொழும்பில் எனா டி சில்வாவுக்காக அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் அமைத்த முற்றவீடு முதல், கோட்டையில் 1982இல் நிறைவுற்ற பாராளுமன்றம், தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள கந்தளம ஹோட்டல் ஈறாக அவர் படைப்புகள் பரந்தன. அவருடைய அலுவலகத்தின் வரைபடங்களில் ஒவ்வொரு மரமும் தனக்குரிய இலையோடும் கிளையோடும் வரையப்பட்டிருக்கும். ஓவியர் லக்கி சேனாநாயக்க அங்கு பணியாற்றிய காலத்தில் உருப்பெற்ற அவ்வரைமுறை, 1986இல் வெளிவந்த பாவா பற்றிய நூலின்மூலம் உலகெங்கும் அறியப்பட்டது. 2022இற் கொழும்பிலே அவ்வரைபடங்களை முதன்மைப்படுத்திக் கண்காட்சியொன்றும் நடத்தப்பட்டது.

இவ்வரைபடங்களை மாணவர் போற்றுவது இயல்பே. ஆயினும் எதற்காகப் போற்றுகின்றனர் என்பது சிந்திக்கற்பாலது. பலர் அவற்றின் நுண்மையையும் அழகையும் கண்டு, இலைகளைப் பிரதிபண்ண முற்படுகின்றனர். அங்கே மரம் வரையப்பட்டது அலங்காரத்துக்காக அன்று. அம்மரம் அந்நிலத்தில் நின்றமையாலும், கட்டடம் அதற்கு வழிவிட வேண்டியிருந்தமையாலும் வரையப்பட்டது. இன்னொன்று: இப்புகழ்பெற்ற வரைபடங்களுட் சில, கட்டடங்கள் எழுந்தபின் வெளியீட்டின் பொருட்டுத் தீட்டப்பட்டவை. அவை சிந்தனையின் நிகழ்ச்சியன்று, சிந்தனையின் நினைவேடு. மேலும், அவை ஒரு தனிமனிதரின் கையால் ஆனவையும் அல்ல. பாவாவின் பெயரில் வழங்கும் அக்கோடுகளிற் பெரும்பாலானவற்றை இட்டவர் அவ்வலுவலகத்தின் உதவியாளரும் படவரைஞருமே. கைவரைவின் பொற்காலம் என்று கூறப்படுவது, பலருடைய உழைப்பின்மீது ஒருவருடைய பெயர் எழுதப்பட்ட காலமும் ஆகும். இவ்வுண்மையை மறந்து கையைப் பாடுவது வெறும் பழமைபோற்றலாகவே முடியும்.

கருவிகளுக்குப் பொருளாதார அடித்தளமொன்றும் உண்டு. ஆற்றல்மிக்க கணினியை எல்லா மாணவரும் வாங்கவல்லவர் அல்லர். அவ்வகையிற் பென்சில் சமத்துவமானது என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் ஓரளவே உண்மை. 2022இன் நெருக்கடியின்போது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது, திரைகள் இருண்டன. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், தாள் இறக்குமதி செய்யப் பணமின்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. கணினியும் தாளும் ஒருங்கே அரிதாகிய அம்மாதங்கள் உணர்த்திய பாடம் ஒன்று உண்டு: எக்கருவியும் நிலையானதன்று, கருவி இல்லாதவிடத்தும் எஞ்சிநிற்கும் சிந்தனைப் பழக்கத்தையே கல்வி ஊட்டவேண்டும்.

6

அச்சிந்தனைப் பழக்கம் எவ்வாறு ஊட்டப்படும்? பாடத்திட்டத்தில் மணித்தியாலங்களைக் கூட்டிக் குறைப்பதால் அன்று. மதிப்பீட்டு முறையை மாற்றுவதாலேயே இது கைகூடும். ஆண்டிறுதியில் நடுவர்முன் தொங்கவிடப்படும் இறுதிப் படத்துக்கே புள்ளிகள் வழங்கப்படுமாயின், மாணவன் கையையும் கணினியையும் ஒப்பனைக் கருவிகளாகவே கையாள்வான். சில சொற்களை உள்ளிட்டால் நொடிப்பொழுதிற் கவர்ச்சியான கட்டடப் படங்களை ஆக்கித்தரும் செய்நிரல்கள் 2022 முதல் பரவலாகிவிட்ட நிலையில், இறுதிப் படம் மாணவனின் அறிவுக்குச் சான்றாகும் தகுதியை மேலும் இழந்துவிட்டது.

தமிழ் மாணவருக்குப் பழக்கமான ஓர் உவமை இவ்விடத்திற் பொருந்தும். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கியே பாடந் தெளிந்தனர். பாடபேதங்கள் அற்ற ஒரே பிரதி ஐயத்துக்கு இடந்தராது. ஆதலால் ஆராய்ச்சிக்கும் இடந்தராது. கணினியிற் பழைய கோப்பின்மேலேயே புதியதைச் சேமித்துச் செல்லும் மாணவன், தன் வடிவமைப்பின் பாடபேதங்களைத் தானே அழித்துவிடுகின்றான். கைவிடப்பட்ட வரைவுகள், அவற்றைக் கைவிடச் செய்த சோதனைகள், சோதனையின் பின் மீண்டும் கையால் எழுந்த திருத்தங்கள் ஆகியவற்றை வரிசைப்படுத்திச் சமர்ப்பிக்குமாறு கேட்பின், கையும் கணினியும் தாமாகவே ஒன்றையொன்று நாடும்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடொன்றை எடுத்துக்கொண்டு இதனைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மாணவர் முதலில் நாடாவால் அளந்து, 1:50 அளவுத்திட்டத்திற் கையால் வெட்டுமுகம் வரையலாம். பின்னர் அதே வீட்டை லேசர் கருவியால் அளந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நோக்கலாம். சுவரின் சாய்வையும் கூரையின் தொய்வையும் கை தவறவிட்டிருக்கும். லேசரோ முற்றத்தின் தூணையும் அதிற் சாத்திவைத்த தும்புத்தடியையும் ஒரேநிலையில் வைத்துப் பதிந்திருக்கும். ஒன்று தெரிவுசெய்யும், ஆயின் பிழைவிடும். மற்றது பிழைவிடுவது அரிது, ஆயின் தெரிவுசெய்ய அறியாது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடே அன்றைய பாடமாகும்.

இவை கூடத்துக்குள் அடங்கும் விடயங்கள் என எண்ணுதல் தவறு. 2016இல் வடக்குக் கிழக்கில் போரால் வீடிழந்தோருக்காக 65,000 முன்னமைப்பு உருக்கு வீடுகள் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டபோது, அப்பிரதேசத்தின் வெப்பத்துக்கும் மக்களின் வாழ்முறைக்கும் அவை பொருந்தா, செலவும் அதிகம் என்ற எதிர்ப்பு வலுத்தது. திட்டம் உத்தேசித்த வடிவில் நிறைவேறவில்லை. ஆயிரக்கணக்கிற் பிரதிபண்ணப்படும் ஒரு வீட்டுப் படத்தில் ஒரு பிழையான கோடு இருப்பின், அது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நண்பகல் வெம்மையாகிவிடும். அத்தகைய படத்தை நாளை வரையப்போகின்றவர் இன்று மொறட்டுவையிலோ வேறிடத்திலோ பயிலும் ஒரு மாணவராகவே இருப்பார். வெப்பத்தை அவருடைய கணினி கணிக்கவேண்டும். குசினியின் புகை எங்கே போகும், முதியவர் எங்கே பாய்விரிப்பார் என்று அவருடைய கை தயங்கவேண்டும். அத்தயக்கத்துக்குப் புள்ளி வழங்கத் துணியும் கல்வியே இரண்டையும் இணைத்த கல்வியாகும்.